சம்மதப் படிவத்தில் விடுபட்ட பந்தி

மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் எங்கள் கடை இரண்டு மணித்தியாலம் பூட்டியிருக்கும். குட்மேய்ஸ் ஸ்ரேசனுக்குக் கிட்டவுள்ள ஒரு சின்ன ரெஸ்ரோரண்ட். அந்த நேரத்தில் நாங்கள் பின்பக்கம் அரிசி மூட்டைகளின் மேல் இருந்து வெங்காயம் உரிப்போம், ஊர்க்கதை கதைப்போம். அப்படி ஒருநாள், என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி (கூடப்பிறந்தவளல்ல, இந்தக் குசினி தந்த உறவு) ஏப்ரனுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். பளபளவென்ற கடதாசி. "அக்கா, இதில என்ன கிடக்கெண்டு வடிவாச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

முலைகளைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை செய்கிற ஒரு தனியார் நிலையத்தின் கைந்நூல் அது. 'எதை எதிர்பார்க்கலாம்' என்று தலைப்பு.

அவளுக்கு 29 வயது. இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாகச் சேர்த்த காசோடு, கழித்து எடுத்த ஒரு சீட்டுக் காசும் கையில் இருக்கிறது. மனுசனுக்காகவா என்று கேட்டேன். "அவருக்கு நான் இன்னும் சொல்லவே இல்லை" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளையள் குடிச்சு முடிச்சாப்போல என்ர உடம்பு என்னட்டத் திரும்பி வரேல்லை அக்கா."

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத்தோடு அறுந்துபோன தமிழ்ப் படிப்புத்தான் என்னுடைய தகைமை. அந்தப் படிப்பு இப்படியொரு புத்தகத்தை மொழிபெயர்க்க உதவும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. உதவவுமில்லை. இரண்டு கிழமை அதோடு மாரடித்ததில் மிஞ்சியவைதான் இங்கே எழுதப்படுகின்றன. எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ, பேர் போடாதேங்கோ" என்றாள்.

முதல் வசனத்திலேயே நின்றுவிட்டேன். சொல் கிடைக்கவில்லை. கொங்கை, தனம், நகில் எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றை அவளிடம் சொன்னால் சிரிப்பாள். மார்பகம் என்றால் றேடியோவில் புற்றுநோய் பற்றி யாரோ அறிவித்தல் வாசிப்பதுபோல இருக்கிறது. முலை என்பதுதான் சங்கப் பாடல்களில் தாய்க்கும் காதலிக்கும் கூச்சமின்றிப் புழங்கிய சொல். ஆனால் எங்கள் சனத்தின் வாயில் அது வசைச் சொல்லாகிவிட்டது. மிஞ்சியிருப்பது 'நெஞ்சு'. டொக்டரிடம் போனாலும் எங்கள் பெண்கள் நெஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வயதான அம்மா 'நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது' என்று சொல்ல, கூடப்போன மகன் இருதயம் என்று மொழிபெயர்த்து, ஈசீஜி எடுத்து வீட்டுக்கு அனுப்பிய கதையொன்று எனக்குத் தெரியும். கட்டி இருந்தது வேறிடத்தில்.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுதி வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த இரைச்சலை இங்குள்ள பத்திரிகைகளும் எதிரொலித்தன. இன்று அந்த விவாதங்களை வாசித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி இந்தச் சொல்லை ஒரு பெண் அட்டையில் போடலாமா என்பதிலேயே செலவாகியிருப்பது தெரிகிறது. ஆண்புலவர்கள் ஆயிரம் வருடமாகப் போட்டுவந்த சொல் அது. குட்டி ரேவதி அதைத் திருப்பி எடுத்தார் என்பதே அத்தொகுதியின் பெறுமதி என்று எனக்குப் படுகிறது. நான் மொழிபெயர்ப்பில் கடைசியில் முலை என்றே எழுதினேன். முதல் தரம் வாசித்துக் காட்டியபோது தங்கச்சி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தரம் பார்க்கவில்லை.

நமது இலக்கியத்திலும் ஒரு 'எதை எதிர்பார்க்கலாம்' உண்டு. பாரத்தால் இடை நோகும், நுடங்கும், ஒடியும் என்று புலவர்கள் சலிக்காமல் பாடினார்கள். அம்பாளையும் விடவில்லை. நாங்கள் வகுப்பில் இதை உயர்வு நவிற்சி என்று குறிப்பெடுத்தோம். உயர்வு நவிற்சியல்ல, பெரிய முலையுள்ள பெண்களுக்கு முதுகும் தோளும் உண்மையாகவே நோகும். பிராவின் பட்டி தோளில் குழி விழுத்தும். அதற்காகவே குறைக்கும் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். நோவைப் புலவர் கண்டிருக்கிறார், கண்டு அதை அழகு என்று எழுதி வைத்திருக்கிறார். திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டி மூன்று தனங்களோடு பிறக்கிறாள். கணவனாகப் போகிறவனைக் கண்டதும் ஒன்று மறைந்துவிடுகிறது. தழும்பில்லை, தையலில்லை, ஒரு சொட்டு இரத்தமில்லை. கைந்நூலின் நடுப்பக்கத்தில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்கள் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு மதுரைதான் ஞாபகம் வந்தது. இரத்தத்தோடு வருபவள் கண்ணகி ஒருத்தி. அவளும் திருகி எறிந்ததோடு சரி. அந்தப் புண்ணுக்கு என்ன நடந்தது என்று இளங்கோ சொல்லவில்லை.

கைந்நூலும் புராணத்தின் வழியிலேயே போகிறது. முதல்நாள், முதற்கிழமை, ஆறாங்கிழமை என்று கணக்கு ஒழுங்காக இருக்கிறது. பிறகு சுபம். நமது படங்கள் கல்யாணத்தோடு முடிகிற மாதிரி. நோ என்ற சொல் எங்கும் இல்லை, 'சிறிது அசௌகரியம்' இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சம்மதப் படிவத்தின் மாதிரி. அதில் ஒரேயொரு வரி: பிற்காலத்தில் மேலதிக சிகிச்சை தேவைப்படலாம். எப்போது, எத்தனை தரம், யாருடைய காசில் என்பதற்கு ஒரு பந்தி வேண்டும். அந்தப் பந்தி இல்லை.

அதை நான் எழுதிச் சேர்த்துக்கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் இப்படிச் செய்யலாமா என்றால், கூடாதுதான்.

ஒரு பெண் உண்மையில் எதிர்பார்க்க வேண்டியது இதுதான். முழு மயக்கத்தில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலச் சத்திரசிகிச்சை. முலைக்குக் கீழுள்ள மடிப்பில், அல்லது காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில், அல்லது கமக்கட்டில் வெட்டி, சிலிக்கோன் பையைச் சுரப்பிக்குப் பின்னாலோ நெஞ்சுத் தசைக்குப் பின்னாலோ வைப்பார்கள். தசைக்குப் பின்னால் என்றால் நோ கூட. இறுக்கமான பிராவை இரவும் பகலுமாக மூன்று மாதம்வரை போட்டிருக்கச் சொல்லும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு ஒன்று இரண்டு கிழமை லீவு போதும் என்று கைந்நூல் சொல்கிறது. மேசையில் இருந்து வேலை செய்கிறவளுக்கு அது சரி. எங்கள் கடையில் அரிசி மூட்டை 20 கிலோ. பெரிய சட்டியை அடுப்பால் இறக்க இரண்டு கையும் நெஞ்சும் சேர வேண்டும். மசாலா டப்பாக்கள் தலைக்கு மேலே. பாரம் தூக்காமல், கையை உயர்த்தாமல் ஆறு கிழமை நிற்பதென்றால் இந்தக் குசினியில் ஆறு கிழமை சம்பளமில்லை என்று அர்த்தம். ஐயாயிரம் பவுண் என்று அவள் போட்ட கணக்கில் இது சேரவில்லை. இந்த நாட்டில் இதற்கு 3,500இலிருந்து 8,000 பவுண் வரை கேட்கிறார்கள். அழகுக்காக என்றால் என்.எச்.எஸ். பொதுவாகச் செய்யாது.

உடம்பு அந்நியப் பொருளைச் சும்மா விடாது. அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். எல்லோருக்கும் கட்டும். சிலருக்கு அந்த உறை சுருங்கி இறுகி, முலை கல்லாகி, நோகத் தொடங்கும். பை சத்தமில்லாமல் வெடித்துக் கசியலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிலிக்கோன் வைத்தவர்களுக்கு ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கானும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்வது அதனால்தான். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குப் போயே விடலாம். பிறகு பிள்ளை பெற்றால் பலர் பால் கொடுக்கிறார்கள், சிலருக்கு அது முடியாமற்போகிறது. புற்றுநோய்க்கு மமோகிராம் எடுக்கும்போது பை நிழல் விழுத்தும். உள்ளே பை இருக்கிறதென்று முன்கூட்டியே சொல்லி மேலதிகப் படங்கள் எடுக்க வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பான பைகளோடு தொடர்புடைய, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறது. அதன் காரணமாகத்தான் 2019இல் அலர்கன் கொம்பனியின் பயோசெல் வகை உலகம் முழுவதும் திருப்பி எடுக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பை ஆயுளுக்கும் நிற்பதில்லை. பத்துப் பதினைந்து வருடம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள்; சிலருக்கு அதற்கு முந்தியே கழற்ற வேண்டிவரும், சிலருக்கு அதைத் தாண்டியும் நிற்கும். கழற்றினால் இழுபட்ட தோல் பழையபடி வராது. ஆக, வாங்குவது ஒரு சத்திரசிகிச்சையை அல்ல. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவில், இவை ஆயுட்காலப் பொருட்கள் அல்ல என்ற எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிட வேண்டும், ஆபத்துகளை ஒவ்வொன்றாக வைத்தியர் வாசித்துக்காட்டிப் பெண் ஒப்பமிட ஒரு பட்டியல் வேண்டும் என்று விதி வந்தது. முதற்பை வைக்கப்பட்டு 59 வருடங்களுக்குப் பிறகு.

அந்த முதற்பையின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1962, ஹூஸ்ரன் நகரம். ஏழைகளுக்கான தருமாஸ்பத்திரி ஒன்றுக்கு ரிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண் போனாள். ஆறு பிள்ளைகளின் தாய், பக்டரித் தொழிலாளி. முலையில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காகப் போனவள். குரோனின், ஜெரோ என்ற இரு வைத்தியர்கள் தாங்கள் புதிதாகச் செய்த சிலிக்கோன் பையை வைக்கலாமா என்று கேட்டார்கள். தனக்குக் காதுதான் துருத்திக்கொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்தால் நல்லது என்பது அவளுடைய விருப்பம். காதையும் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். சம்மதித்தாள். உலகத்தின் முதல் சம்மதம் இப்படிப் பெறப்பட்டது.

இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சென்னையை வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2018 பெப்ரவரியில் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரு பிரிவைத் திறந்துவைத்தார். முலைகளைப் பெரிதாக்கவும் குறைக்கவும் ஏழைகளுக்கு இலவசமாகச் சத்திரசிகிச்சை. புற்றுநோயால் இழந்தவர்களுக்கு மீளமைப்பது அங்கே ஏற்கெனவே நடந்துவந்தது. அழகுக்காகவும் இலவசம் என்பது புதிது. ஸ்டான்லி சாதாரண இடமல்ல. நசுங்கிய, அறுந்த கைகளை மீட்பதில் இந்தியாவிலேயே பேர்பெற்ற கைச் சத்திரசிகிச்சைத் துறை அங்குள்ளது. ஒட்டறுவையும் அதே கூரையின் கீழ். பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக்கூடாது, நாங்கள் கொடுக்காவிட்டால் கடன்பட்டோ ஆபத்தான வழியிலோ போவார்கள் என்பது அமைச்சரின் வாதம். பொதுச் சுகாதாரத் துறையில் முன்பு உயர்பதவியில் இருந்தவர் உட்படப் பலர், உயிர்காக்கும் வைத்தியம் இருக்க அரசுப் பணத்தில் இதுவா என்று கேட்டார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. வெளிநாட்டுப் பத்திரிகைகள் கண்ணடித்துக்கொண்டு எழுதின.

நான் அமைச்சரின் கட்சிக்காரியல்ல. ஆனாலும் அவரைப் பகிடிபண்ணியவர்களோடு என்னால் சேர முடியவில்லை. ஏழைப்பெண் தன் உடம்பைப் பார்த்துக் கவலைப்பட உரிமையில்லாதவள் என்ற நினைப்பு அந்தப் பகிடிக்குள் இருந்தது. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வளர்ந்த பெண், ஒரு பக்கம் வளராமலே போனவள், கலியாணப் பேச்சில் ஒதுக்கப்பட்டவள், திருநங்கைகள் என்று வடசென்னையில் அந்தக் கதவைத் தட்டக்கூடியவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களை ஆடம்பரம் என்பவர்கள் தங்கள் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம். (எங்கள் ஆம்பிளைகள் தலைமயிர் நடுவதற்குத் துருக்கிக்குப் பிளேன் ஏறுகிறார்கள். அதைப்பற்றி எந்தச் சிற்றிதழிலும் ஒரு கட்டுரையை நான் கண்டதில்லை.)

என் விமர்சனம் வேறிடத்தில். இருதரப்பும் 'இலவசம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இழுபட்டார்கள். ஆனால் அந்த இலவசம் எத்தனை வருடத்துக்கு என்று கேட்ட குரலை நான் எந்தச் செய்தியிலும் காணவில்லை. இன்று 25 வயதில் இலவசமாக வைத்துக்கொள்கிற பெண் நாற்பதில் திரும்பி வரும்போது அமைச்சர் மாறியிருப்பார், திட்டம் இருக்குமோ தெரியாது. ஸ்கானுக்கு யார் கட்டுவது? கழற்றுவதற்கு யார்? முதலாவதை அரசு கொடுத்து இரண்டாவதைப் பெண்ணின் தலையில் போடுவது தானமல்ல, தவணைக்குச் சாமான் விற்பது மாதிரி.

அப்படியொன்று நடக்குமா என்பவர்களுக்கு, அது இந்த நாட்டிலேயே நடந்தது. பிரான்சின் பிப் கொம்பனி மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலை வேலைக்கான சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி வருடக்கணக்காக விற்றது. 2010 மார்ச்சில் அகப்பட்டது. கொம்பனியை நிறுவிய ஜோன் குளோட் மாஸுக்கு 2013இல் நாலு வருடச் சிறை விதித்தார்கள். பிரித்தானியாவில் மாத்திரம் சுமார் 47,000 பெண்களின் உடம்பில் அந்தப் பைகள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தனியார் நிலையங்களில் காசு கட்டி வைத்துக்கொண்டவர்கள். 2012இல் வந்த கியோ அறிக்கை, நீண்டகால உடல்நலத்துக்குக் கேடு காணப்படவில்லை, ஆனால் மற்றப் பைகளைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு கூடுதலாக வெடிக்கின்றன என்றது. வைத்த நிலையம் கைவிட்டால் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ன செய்தது? கழற்றியது. புதிது வைத்துத் தரவில்லை. நியாயம் ஒருபுறம் இருக்கட்டும்; ஒரு பெண் வெறுமையான தோலோடு வீட்டுக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். அந்த நாளைப்பற்றி எந்தக் கைந்நூல் எழுதியது?

இந்த அனுபவத்தால் சில காரியங்கள் நல்லதாகவும் நடந்தன. எந்தப் பை யாருக்கு வைக்கப்பட்டது என்ற பதிவேடு 2016 ஒக்டோபரில் தொடங்கியது. அதே வருடம் ஜூனிலிருந்து, சத்திரசிகிச்சை செய்யப்போகிற வைத்தியரே நேரில் கதைத்துச் சம்மதம் பெற வேண்டும், தாதியிடமோ விற்பனை முகவரிடமோ விடக்கூடாது, யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் பேரவையின் விதி இருக்கிறது. தங்கச்சிக்கு இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. அவளோடு இதுவரை கதைத்தது ஓர் 'ஆலோசகர்'. வெள்ளைக் கோட் போட்டிருந்தாராம். டொக்டர் என்றே நினைத்திருக்கிறாள். இந்த மாதத்துக்குள் முற்பணம் கட்டினால் விலை குறையும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

பெண்ணியம் பேசுகிற என் சிநேகிதிகளில் இரண்டு பேர், நீ ஏன் அவளைத் தடுக்கவில்லை என்று கேட்டார்கள். ஆண்பார்வையின் கைதி என்றார்கள். இருக்கலாம். நாங்கள் யார்தான் இல்லை? சாமத்தியவீட்டு மண்டபங்களில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை போட்டு வீடியோ எடுக்கிற சமூகத்தில், இந்த ஒருத்தி தன் காசில், தன் முடிவில் செய்யப் போவதை மட்டும் நான் ஏன் மறிக்க வேண்டும்? அவளுக்கு என்னிடம் வேண்டியிருந்தது தீர்ப்பல்ல, வாசிப்பு. அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறேனா என்பதுதான் என் கவலை. இரத்தம் உறைதல் என்பதை நான் முதலில் பிழையாக எழுதியிருந்தேன். பார்லி லேனிலுள்ள கிங் ஜோர்ஜ் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற ஒரு அண்ணா திருத்தினார், ஊரில் மருந்துக் கலவையாளராக இருந்தவர். இந்த வேலைக்கு நான் காணாது. முறையான மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் சேர்த்த பந்தியை வாசித்துக்காட்டிய அன்று அவள் நெடுநேரம் பேசவில்லை. விரலை மடித்து எண்ணினாள். "பதினைஞ்சு வருசத்தில எனக்கு நாப்பத்தி நாலு. மூத்தவளுக்கு அப்ப இருவத்தி மூண்டு. அவளின்ர கலியாணமும் இதுவும் ஒண்டா வரும் போல." சிரித்தாள். பிறகு, "அக்கா, ரெண்டாந்தரத்துக்கு எவ்வளவு, அதை ஆர் செய்யிறது எண்டு இங்கிலீசில எழுதித் தாங்கோ" என்றாள். ஓடர் எழுதுகிற கொப்பியில் ஒரு பக்கம் கிழித்து எழுதிக் கொடுத்தேன். தன் கையெழுத்தில் அதைத் திருப்பி எழுதினாள், பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக. கேள்விகள் ஏழு வந்தன. ஏழாவதை அவளே சொன்னாள்: கழற்றினால் எப்படியிருக்கும், படம் காட்டுவார்களா?

முற்பணம் இன்னும் கட்டவில்லை. வாற செவ்வாய்க்கிழமை டொக்டரையே பார்க்க நேரம் எடுத்திருக்கிறாள். அன்றைக்குக் கடை பூட்டு. நானும் கூடப் போகிறேன்.